லிப்பெடிமா என்று எழுதி வாங்குவதற்குள்

எனக்கு லிப்பெடிமா என்று ஒரு மருத்துவர் போன வருடம்தான் கைப்பட எழுதிக் கொடுத்தார். கால்களில் வலியோடு கொழுப்பு சேரும் நோய் அது. அந்த ஒரு சொல்லுக்காக ஏறி இறங்கிய படிகளையும் கேட்ட பேச்சையும் நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இதே மாதிரி கால்களோடு இருக்கும் பெண்களுக்கு என் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும்.

என் கால்கள் இப்படித்தான்: இடுப்புக்குக் கீழே இரண்டும் ஒரே அளவாகப் பருத்திருக்கும். கொலுசு போடும் இடம் வந்ததும் அந்தப் பருமன் சட்டென்று நின்றுவிடும், பாதம் ஒல்லியாகவே இருக்கும். தொடையை அழுத்தினால் வலி. பஸ்ஸில் யாருடைய பையாவது இடித்தால் மறுநாள் அந்த இடம் நீலமாகக் கன்றியிருக்கும். வயதுக்கு வந்த காலத்தில் ஆரம்பித்து, பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கூடியது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே கால்கள்தான். எங்கள் வீட்டில் அதை யாரும் நோயாக நினைத்ததே இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எடையைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று டயட் சீட்டு கொடுத்தார். குறைத்தேன். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது, முகம் ஒடுங்கியது, சுடிதார் பேன்ட் மட்டும் தொடையில் அப்படியே பிடித்தது. அதைச் சொன்னபோது, "வீட்ல அரிசி குறைக்கலபோல" என்றார். சாப்பிடாமல் கிடந்தவளிடம் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? லிப்பெடிமாவில் கால்களில் சேரும் கொழுப்பு பட்டினிக்கு அவ்வளவு எளிதில் கரையாது. மேலுடம்பு இளைத்துக் கால் மட்டும் இளைக்காமல் இருப்பதே ஓர் அடையாளம். அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு, சிறுநீரகம், இதயம், ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் கோளாறு இல்லை.

அப்புறம் யானைக்கால் சந்தேகம் வந்தது. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், எங்கள் ஊரில் கால் பெருத்திருந்தால் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி லேபுக்குப் போனேன். பட்டப்பகலில் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கிருமி இல்லை என்று தாள் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டுபோனால் மருத்துவர், "எத்தன மணிக்கு எடுத்தாங்க?" என்கிறார். இங்கே உள்ள யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும், பத்து மணிக்கு மேல் எடுத்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. சீட்டில் அது எழுதப்படவில்லை, லேபிலும் யாரும் சொல்லவில்லை. மறுபடி ராத்திரியில் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. புழுவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருளைத் தேடும், பகலிலேயே எடுக்கக்கூடிய ஆன்டிஜன் சோதனையும் இருக்கிறது. எந்தச் சோதனை, எந்த நேரம் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் கிருமி இல்லை.

இடையில் ஒருவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும்தான் மிச்சம், சுற்றளவு துளியும் குறையவில்லை. தேங்கியிருப்பது நீர் இல்லையே, கொழுப்பு ஆயிற்றே. உங்களுக்கும் அந்த மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது எதற்காக என்று கேளுங்கள்.

கடைசியில் சென்னையில் ரத்தநாள மருத்துவர் ஒருவரிடம் போனேன். உள்ளே போனதும் அவர் கேட்டது, "செருப்பைக் கழட்டிட்டுப் பாதத்தைக் காட்டுங்கம்மா" என்றுதான். பெருவிரலுக்கு அடுத்த விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மடிப்பாக வந்தது. இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். நிணநீர் தேங்கும் லிம்பெடிமாவில் பெரும்பாலும் அந்தத் தோல் தடித்து, கிள்ளவே வராது. தொடையை அழுத்தி, கன்றிய இடங்களைப் பார்த்து, அம்மாவின் கால்களைப் பற்றி விசாரித்தார். அவ்வளவுதான். இதை உறுதிசெய்யத் தனியாக ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, கையும் கண்ணும் போதும். 1940-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதைப் பெயரிட்டு எழுதிவிட்டார்களாம். எத்தனை வருடம் ஆகிவிட்டது! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "உங்க மேல தப்பு இல்ல" என்று ஒரு மருத்துவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. வலியைக் குறைக்கலாம், மேலே கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் காம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை. இதில் நான் பட்ட பாடு தனி.

சர்ஜிக்கல் கடையில் சாயங்கால நேரத்தில், சுடிதாருக்கு மேலேயே டேப் வைத்து அளந்து, "டபுள் எக்ஸ்எல் சரியா இருக்கும் மேடம்" என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். போட்ட சிறிது நேரத்தில் மேல்விளிம்பு சுருண்டு, முழங்காலுக்குப் பின்னால் கயிறு போல இறுகிவிட்டது. கழற்றும்போது தோலில் பள்ளம். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. கடையில் தொங்கும் தையல் இல்லாத ரகம் இந்த மாதிரிக் காலின் மடிப்புகளில் சுருண்டு இறுகும். பின்னால் தையல் உள்ள, தட்டையாகப் பின்னிய ஃப்ளாட் நிட் ரகத்தைக் கால் அளவுக்கே சொல்லிச் செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும், துணிக்கு மேல் இல்லாமல் தோலின் மேல், கணுக்காலிலிருந்து தொடை வரை பல இடங்களில் அளக்க வேண்டும். அழுத்தம் எத்தனை என்று மருத்துவர்தான் எழுத வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் குறை இருந்தாலோ, கேட்காமல் போடவே கூடாது.

விலை கூடுதல்தான், வரவும் வாரக்கணக்கில் ஆயிற்று. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்று முழுச் சமையலையும் முடித்த அன்று, சாயங்காலம் காலில் அந்தக் கனம் இல்லை. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இழுத்தால் ஏறிவிடும். கையால் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். கிரீம் ராத்திரி கழற்றிய பிறகு போதும். நீச்சல் தெரியாவிட்டாலும் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம். தண்ணீரின் அழுத்தமே காலுக்கு நல்லது, மூட்டுக்கும் பாரம் இல்லை.

இப்போது இன்சூரன்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வலி அதிகமானால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் செய்யலாம் என்றார் மருத்துவர். அதற்கு முன்அனுமதி கேட்டபோது ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இது பியூட்டிக்குப் பண்றது மேடம், கிடைக்காது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருடைய கணினியில் இருந்த பழைய நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரே இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 பட்டியலில் லிப்பெடிமாவுக்குத் தனி இடம் உண்டு. அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று பாலிசியில் வரும் விதியையும் முழுதாகப் படியுங்கள். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று மருத்துவர் சான்று கொடுத்தால் விலக்கு உண்டு என்று அதிலேயே இருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டு, மருத்துவர் கடிதத்தையும் கால்களின் படங்களையும் சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவதற்கே பெரும்பாடு பட்டேன், வாய்ச்சொல்லை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நான் மனுவை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.