ஓநாயின் சிகரெட்

"ஆஸ்துமா வார்டில் இதையா போடுவீர்கள், டாக்டர்?"

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். விளையாட்டு அறை டிவியில், ஓநாய் முயலைத் துரத்தும் பழைய ரஷ்யக் கார்ட்டூன் 'நு, பகதீ!' ('இரு, பார்த்துக்கொள்கிறேன்!') முதல் பாகம். ஓநாய் சிகரெட்டும் வாயுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

என்னிடம் பதில் இருந்தது. சிகரெட் பிடிப்பது ஓநாய், முயல் இல்லை. எல்லாப் பாகத்திலும் மாட்டிக்கொண்டு அவதிப்படுவதும் ஓநாய்தான். முயல் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும், ஓநாய் கயிற்றைப் பிடித்து ஏறும், முயல் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டும், ஓநாய் போலீஸ் மோட்டார் சைக்கிளில் போய் விழும். "யார் தோற்கிறார்கள் என்று குழந்தைகளுக்குத் தெரியும்" என்றேன்.

"எங்கள் வீட்டு ஓநாய் விழுவதே இல்லையே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

எங்கள் வார்டில் இருந்த அவர் பையனின் அப்பா பால்கனியில் நின்று புகைப்பவர். அது கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. புகை கதவிடுக்கில் வரும், சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அவரிடம் எங்கள் துறைத் தலைவரே பேசியிருந்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

ரஷ்யாவில் இது பழைய சர்ச்சை. 1969-ல் கதியோனச்கின் இயக்கத்தில் தொடங்கிய தொடர் இது. குழந்தைகளைத் தீய தகவல்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-ல் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓநாயின் சிகரெட்டைப் பற்றி நாடே விவாதித்தது. 2021-ல் வந்த புதுத் தொடரில் ஓநாய் புகைப்பதில்லை.

மூத்த நர்ஸ் என் பக்கம். "நாங்கள் எல்லாரும் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த அப்பாவும் இதையே பார்த்துத்தானே வளர்ந்திருப்பார்? இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி.

என் பதிலில் உறுத்துவது வேறு. தோற்கிறவனைக் குழந்தைகள் வெறுப்பார்கள் என்று நான் வைத்துக்கொண்டேன். வார்டில் யாருக்கும் முயல் வேண்டாம். குரல் கொடுத்த நடிகர் பப்பானவின் அந்தக் கரகரத்த குரலில் ஓநாய் உறுமினால் போதும், மூக்கில் ஆக்சிஜன் குழாய் உள்ள குழந்தைகூட உறுமிப் பார்க்கும். விழுந்து விழுந்து எழுகிறவன்மேல்தான் அவர்களுக்குப் பாசம்.

மறுநாள் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழலில் ஊதவைத்து நுரையீரலின் திறனை வரைபடமாக அளக்கும் சோதனை. அதுவரை பாதி ஊதிவிட்டு நிறுத்திவிடுகிற பையன், ஊதுகுழலைக் கடைவாயில் ஓநாய் மாதிரி செருகிக்கொண்டான். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒழுங்காக வாயில் வைத்து, "நு, பகதீ!" என்று கத்துகிற வேகத்தில் கடைசி மூச்சுவரை ஊதினான். மருந்தை மாற்ற வேண்டும் என்பதை அந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவுசெய்தோம். அந்தக் கார்ட்டூன் எங்களுக்கு உதவியது, சந்தேகமில்லை. அவன் அம்மா மட்டும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது கார்ட்டூன் ஓநாயாக இருந்திருக்காது.

பெற்றோர் ஒருவர் வேண்டாமென்றால் நிறுத்திவிடுவதுதான் முறை என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் ஊசிக்கும் நெபுலைசருக்கும் நடுவே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான். ஒருவருக்காக அதை எப்படி எடுப்பது? புதுத் தொடரையும் போட்டுப் பார்த்தோம். சின்னவர்கள் பார்க்கிறார்கள். பெரிய பையன்கள் பழையதைத்தான் கேட்கிறார்கள், நானும் போட்டுவிடுகிறேன்.