தாங்குமா, தாங்காதா?

ஒரு பெரியவருடைய மரப் படகுத்துறையைப் பழுதுபார்க்கும் வேலை முடிந்து கணக்கும் தீர்ந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை. இருந்தும் அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் மனதைவிட்டுப் போக மறுக்கிறது.

“தாங்குமா, தாங்காதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க தம்பி” என்று கேட்டார். லீவுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரப்போகிறார்கள். வந்தால் பொழுதெல்லாம் படகுத்துறையின் முனையில்தான் கிடப்பார்கள். “ஆளுங்களை ஏத்தாதீங்க ஐயா. முனையைத் தாங்குற மூணு காலையும் என்னால நம்ப முடியல” என்றேன். அவர் என் பாதங்களைப் பார்த்தார். “நீங்க இப்ப அது மேலதானே நிக்கிறீங்க?”

குத்திக்காட்டிப் பேசுகிறவர் இல்லை அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “ஒரு ஆள் நிக்கிறது வேற, கூட்டமா நிக்கிறது வேற” என்றேன். அது உண்மை. தண்ணீரில் ஏதோ துள்ளியது என்று ஒரு பிள்ளை கத்தினால் போதும், இருக்கிற அத்தனை பேரும் ஒரே ஓரத்துக்கு ஓடுவார்கள். மொத்தப் பாரமும் அந்த ஓரத்துக் கால்கள்மேல் இறங்கும். ஆனால் இந்தக் காரணம் அவர் கேட்ட பிறகுதான் என் வாயில் வந்தது. அதுவரை யோசிக்காமல் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வாய் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்றை நம்பிக்கொண்டிருந்ததா?

அவருடைய படகுத்துறையைப் பார்த்திருந்தால் என் தயக்கம் புரியும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த இடத்தில் மரத்தைக் காப்பாற்றி வைப்பது லேசான காரியம் இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடித்து உளுக்காது. புழுக்கத்தில், நிழல் விழும் பலகையின் அடிப்பக்கம் அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. அதை அவர் குறைவில்லாமல் செய்திருந்தார். பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் சருகு அடைத்துக்கொண்டால் மெல்லிய தகட்டைவிட்டு இழுத்து எடுத்துவிடுவார். பாசியைக் கழுவ பிரஷர் வாஷரைத் தொட மாட்டார். அது மரத்தின் மென்மையான பகுதியைப் பிய்த்துக்கொண்டு போய் நார் எழுப்பிவிடும், அடுத்த பாசி அதில் இன்னும் சுலபமாக ஒட்டும். ஆக்சிஜன் வகைப் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்ப்பார். பலகையை அறுத்த முனைகளுக்கெல்லாம் காப்பர் நாப்தனேட் என்ற மரக்காப்பு மருந்தைத் தடவியிருந்தார். போல்ட்டுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக் காற்றை 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். இதையே தொழிலாகச் செய்கிற எங்களில் பலர் இதில் பாதிகூடச் செய்வதில்லை.

இவ்வளவும் தண்ணீருக்கு மேலே. எப்போதும் முழுகியே இருக்கும் மரத்தில் காற்று இல்லாததால் பூஞ்சைக்கு அங்கே வேலை கிடையாது. அங்கே எதிரி கப்பல் புழு. சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலையளவு துளை போட்டு மரத்துக்குள் போகும். உள்ளேயே வளரும். தலையிலுள்ள இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை ராவிக்கொண்டே நீளும். நுழைந்த வாசல் மட்டும் கடைசிவரை சின்னதாகவே இருக்கும். கிரிபிள் என்று இன்னொன்று இருக்கிறது, இறாலுக்குத் தூரத்து உறவான பொடிப் பிராணி. அது வெளியிலிருந்து அரிப்பதால் கடல்நீரின் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் கால் சிறுத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கப்பல் புழு அப்படிக் காட்டிக்கொடுக்காது. குளிர்ந்த கடலில் குளிர்காலத்தில் அதன் வேகம் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் வருடம் முழுக்கத் தின்னும்.

நல்ல வற்றத்தில் அடியில் இறங்கி, காலில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். கரைப்பக்கத்துக் கால்களில் சுத்தியல் துள்ளித் திரும்பியது, ஓசையும் கெட்டியாக இருந்தது. முனையிலிருந்த மூன்றில் ஒன்றில் பொத்தென்று விழுந்தது. மற்ற இரண்டில் கெட்டி என்றும் சொல்ல முடியவில்லை, காலி என்றும் சொல்ல முடியவில்லை. ஓசைக்கு எண் கிடையாது. கேட்டுப் பழகிய காதுதான் கருவி. அந்தக் காது அன்றைக்கு முதல் காலின் ஓசையைக் கேட்டு ஏற்கெனவே பயந்திருந்தது.

அதே படகுத்துறையில் மின்சாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்குத் தயக்கமே இருந்திருக்காது. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் பிரேக்கர் விழ வேண்டும். விழுந்தால் சரி, விழாவிட்டால் மெயினை அணைத்த பிறகுதான் மறுபேச்சு. மின்சாரம் கசிந்த தண்ணீரில் நீந்தியவர்கள் கை கால் இழுத்துக்கொண்டு மூழ்கிப்போயிருக்கிறார்கள். உப்பில்லாத தண்ணீரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், அங்கே தண்ணீரைவிட மனித உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும். அந்த விஷயத்தில் மீட்டர் பேசிவிடும். மரத்துக்கு நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

பெரியவர் சம்மதித்தார். வழியை அடைத்தார். அந்த லீவில் பேரப்பிள்ளைகள் கரையிலேயே விளையாடினார்கள். அப்புறம் மிதவையில் இயந்திரம் வந்து மூன்று கால்களையும் பிடுங்கியது. பொத்தென்ற காலை முதலில் அறுத்தோம். வெளியே இரண்டு விரல் கனத்துக்கு மருந்து ஏறிய மரம் இளம்பச்சையாக, ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. உள்ளே தேனடைதான். விரல் நுழையும் சுரங்கங்கள், ஒவ்வொன்றின் சுவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. ஏணியை மாட்டியிருந்த போல்ட்டின் துளையைச் சுற்றித்தான் சேதம் அதிகம். மருந்து மரத்தின் வெளிச்சுற்றில்தான் ஏறும், நடுவில் ஏறாது. ஏற்றம் தொடும் உயரத்துக்குக் கீழே துளை போட்டால் அந்தக் கவசத்தில் வாசல் திறந்துவிட்ட கணக்கு. பேரனுக்காக அந்த ஏணியை மாட்டியவர் அவர்தான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் புதிய காலிலும் அதே உயரத்தில் துளை போட்டுவிடுவாரே என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

மற்ற இரண்டையும் அறுத்தோம். ஒன்றில் ஒரு ஓரமாக இரண்டு மூன்று சுரங்கங்கள். இன்னொன்று சுத்தம். அவர் அறுத்த முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். “இந்த ரெண்டும்?” என்று மட்டும் கேட்டார்.

இயந்திரம் வந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது, ஒரு காலில் புழு இருந்தால் அதன் குஞ்சுகள் தண்ணீரோடு போய் அடுத்த காலில் உட்காரும் என்று விளக்கினேன். இரண்டிலுமே பொய் இல்லை. அவர் கேட்டது அதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்று கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது. தெரியாது. ஆனால் நான் தெரியும் என்றும் சொல்லவில்லையே, நம்ப முடியவில்லை என்றுதானே சொன்னேன். நம்ப முடியவில்லைதான், மூன்றையும். அப்படியென்றால் மூன்றும் கெட்டுவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டதை நான் ஏன் திருத்தவில்லை? அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்ன?

துளையிட்டுப் பார்த்திருக்கலாமே என்று இதே தொழிலில் இருக்கும் நண்பர் கேட்டார். பார்க்கலாம். சின்னத் துளை போட்டு, வரும் தூளைப் பார்த்துவிட்டு, மருந்தூட்டிய மரக்குச்சியால் இறுக்கி அடைத்துவிடலாம். ஆனால் புழு தின்ற பக்கத்தில் துளை விழ வேண்டும். பக்கம் தப்பினால் நல்ல தூள் வரும், நானும் தாங்கும் என்று சொல்லியிருப்பேன். ஓரத்தில் சுரங்கம் இருந்த காலில் அப்படித்தான் நடந்திருக்கும். அந்தக் காலுக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கலாம் என்பது அவருடைய அடுத்த வாதம். உறைக்குள் பிராணவாயு தீர்ந்தால் புழு செத்துப்போகும். அதுவும் சரிதான். தின்ற மரம் திரும்பி வராது என்றாலும், இரண்டு மூன்று சுரங்கத்தோடு அது பல வருடம் நின்றிருக்கும். உறை சுற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று முதலில் தெரிய வேண்டும். நாங்கள் பேசிப் பேசிக் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நின்றோம்.

நல்ல மரம் ஒன்று வீணாய்ப் போனதையும் ஒரு குழந்தை உடைந்த சட்டங்களுக்கு நடுவே தண்ணீரில் விழுவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது மனம் சமாதானமாகிறது. அப்புறம், இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எந்தத் துறையின் எந்தக் காலையும் பிடுங்கிவிடலாமே என்றும் தோன்றுகிறது. அவர் அவ்வளவு அக்கறையாக வைத்திருந்த ஒன்றைப் பயத்தை மட்டும் காட்டிக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரக் கூடாது.

இப்போதெல்லாம் தட்டிப் பார்த்ததும் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்: இது கெட்டி, இது காலி, இது எனக்குத் தெரியவில்லை. சமீபத்தில் ஒரு அம்மா இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தெரியலைன்னா நான் என்ன செய்யட்டும்? உங்க பிள்ளையை இதுல ஓட விடுவீங்களா?” என்றார். விட மாட்டேன் என்றேன். பிரித்துப் பிரித்துச் சொன்னதெல்லாம் அந்த ஒரு பதிலில் கரைந்துவிட்டது. அவரும் அன்றே வழியை அடைத்துவிட்டார். அடுத்த நல்ல வற்றத்தில் இறங்கி, தெரியாத அந்தக் காலில் மட்டும் நான்கு பக்கமும் துளையிட்டுப் பார்ப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.