வன வரைபட வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பை அண்டியுள்ள வனத் தொழில்நுட்ப நிலையம் ஒன்றில் வரைபட உத்தியோகத்தராக அண்மையில் சேர்ந்தேன். ஒப்பந்த வேலைதான். அதற்கே விளம்பரம் வந்ததிலிருந்து நியமனக் கடிதம் கைக்குக் கிடைக்கும்வரை பட்ட பாட்டை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. புவியியலோ தாவரவியலோ நில அளவையோ படித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பம், சமாதான நீதவானின் கையொப்பம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பதிவுத் தபால் எல்லாம் வழக்கம்போல முடிந்தன. மூலப்பிரதிகளைக் காட்டப் போன அன்றுதான் வினை தொடங்கியது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிப் போய், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவர் திரும்பும்வரை காத்திருந்து கோப்பை நீட்டினேன். இலிகிதர் அம்மா பட்டச் சான்றிதழை மட்டும் பார்த்தார்.

“இது கலைப்பட்டம்தானே, தங்கச்சி? காடு என்றால் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும்.”

விளம்பரத்தில் ‘புவியியல் தகவல் முறைமை (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் துறை, ஜி.ஐ.எஸ்.) அல்லது தொடர்புடைய துறை’ என்றுதான் இருந்தது. என்னுடையது புவியியல் சிறப்புப் பட்டம். நாலு வருடமும் தொலையுணர்வு (செய்மதிப் படங்களிலிருந்து நிலத்தை ஆராய்வது), படவரைகலை, புள்ளிவிபரம் என்றே போயிற்று. ஆய்வுக்கட்டுரை புத்தளம் களப்பின் கண்டல் காடுகளைப் பற்றியது. அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. சான்றிதழின் மேலே பொறித்திருந்த பீடத்தின் பெயர் போதுமாக இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டு, கோப்பைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

இந்த இடத்தில் பேசாமல் திரும்பி வராதீர்கள். தகைமை பொருந்துமா என்று தீர்மானிக்கிறவர்கள் நேர்முகப் பரீட்சைச் சபையினர். ‘சபையின் தீர்மானத்துக்கு உட்பட்டு’ என்று குறித்துக் கோப்பை ஏற்கும்படி கேளுங்கள். நான் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் ஏற்றுக்கொண்டார். அதோடு பாடவாரியான பெறுபேற்றுச் சான்றையும் கொண்டுவரச் சொன்னார். அதில்தான் ஒவ்வொரு பாடத்தின் பெயரும் இருக்கும். பட்டச் சான்றிதழை மட்டும் பத்திரமாகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்கள் இன்றே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். என் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளை ‘அடுத்த கிழமை’ என்பதையே பதிலாக வைத்திருந்தது. அங்கேயே விரிவுரையாளராக இருக்கும் தோழி நேரில் போய் மேசைக்கு முன்னால் நின்ற பிறகே அது அசைந்தது. படிப்புத் தகைமைகளைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். விண்ணப்பத்தில் அதையும் எழுதிவிடுங்கள், வாக்குவாதம் குறையும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். என்னுடையது தமிழில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டதே என்று சண்டைக்குப் போகவில்லை. “அந்தக் கோரிக்கையை எழுத்தில் தாருங்கள், அம்மா” என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, தேவையில்லை என்றார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம்.

அனுபவச் சான்றுதான் உயிரை வாங்கியது. நான் முன்பு வேலை செய்த சிறு வரைபட நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. முதலாளி கனடாவில், தொலைபேசியை எடுப்பதில்லை. சேவைக் கடிதம் இல்லையென்றால் அனுபவமே இல்லை என்றார்கள். நாரஹேன்பிட்டியில் குடியிருக்கும் பெரியம்மாவின் மகன்தான் வழி சொன்னார்: ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் அந்த நிதிக்குப் போகின்றன. எந்த நிறுவனம் எந்த மாதங்களுக்குப் பணம் கட்டியது என்பது கூற்றில் தெரியும். அதோடு, செய்த வேலையை விவரித்து ஒரு சத்தியக் கடதாசியும் இணைத்தேன். இலிகிதர் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

நேர்முகப் பரீட்சை இவ்வளவுக்கும் பிறகு இலேசாக இருந்தது. கணினியில் ஒரு தேக்குத் தோட்டத்தின் எல்லைக் கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். தோட்டம் தென்மேற்குக் கடலில் போய் விழுந்தது. காரணம் ஆள்கூற்று முறைமை, அதாவது ஓர் இடத்தைக் கிழக்கு, வடக்கு எண்களால் குறிக்கும் முறை. பழைய முறைமையில் தொடக்கப் புள்ளியின் இரண்டு எண்களும் 200,000 மீற்றர், 1999ஆம் ஆண்டு முறைமையில் 500,000. பழைய கோப்பைப் புதிய முறைமையில் திறந்தால் மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் விலகிவிடும். சரிசெய்தேன். மரத்தின் விட்டத்தை எந்த உயரத்தில் அளப்பாய் என்றார் ஒருவர். 1.3 மீற்றர், சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து என்றேன். கண்டல் மரத்துக்கு? தாங்குவேர்களுக்கு மேலே. சேற்றில் இடுப்பளவு நின்று கற்றதை அவர் கேட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பீடத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை.

சேர்ந்த பிறகு பார்த்தால், என்னைப் பரிசோதித்தவர்களே ஒரே வழியால் வந்தவர்கள் அல்லர். பிரிவுத் தலைவர் நுவரெலியாவில் உள்ள இலங்கை வனவியல் நிறுவனத்தில் பயிற்சி முடித்து, பீட் உத்தியோகத்தராக (ஒரு காட்டுப் பகுதிக்குப் பொறுப்பான கள அலுவலர்) காட்டில் அலைந்துவிட்டுப் பிந்தித்தான் கணினிக்கு வந்தவர். பக்கத்து மேசையில் தியத்தலாவையில் படித்த நில அளவையாளர். ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்தவர் ஒருவர். மரத்துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து இனம் சொல்லும் மொரட்டுவைக்காரர் தளபாடப் பட்டறையில் வளர்ந்தவர். ட்ரோன் பறக்கவிடுபவர் முன்னாள் கல்யாணப் புகைப்படக்காரர், அவருக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம்!

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் நிரந்தரமாவதற்கு ஆட்சேர்ப்புத் திட்டத்தில் இடம் உண்டா? இங்கே பத்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. வெளிக்கள வேலையைத் தட்டிக்கழித்து மேசையோடு இருந்துவிட்டவர்கள் அவர்களில் அதிகம் என்பது என் கணிப்பு. சிங்களத்தில் அறிக்கை எழுதவும் பழகிக்கொள்ளுங்கள், கூட்டங்களெல்லாம் அதில்தான் நடக்கின்றன.

நியமனக் கடிதம் வந்தால் சந்தோஷத்தில் உடனே கையொப்பம் இட்டுவிடாதீர்கள். எனக்கு வந்ததில் பதவி ‘தரவு உள்ளீட்டாளர்’ என்று அடித்திருந்தது. நாளைக்கு வேறெங்காவது விண்ணப்பித்தால் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள். திருத்திய கடிதம் வரும்வரை கையொப்பம் இடவில்லை. தட்டச்சுப் பிழை என்றார்கள். இருக்கலாம்.