நிதானமாகத் துடித்த நாடி

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகு பறிக்கும் காலம் வந்தால், சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது. சேலத்தில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த ஆண்டில், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவரை 108 வண்டியில் கொண்டுவந்தார்கள்.

இரத்த அழுத்தம் 80/50. நாடி நிமிடத்துக்கு 48. தோல் வியர்வையின்றி வெதுவெதுப்பாக இருந்தது. இரத்தம் இழந்தவருக்கு நாடி விரையும், உடல் சில்லிட்டுப் பிசுபிசுக்கும் என்று படித்திருந்த நான், அந்த நாடியின் நிதானத்தைக் கண்டு ஆறுதலடைந்தேன். “காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாயாம்மா?” என்று மூத்த மருத்துவர் கேட்ட பிறகே என் தவறு விளங்கியது. கால்கள் அசையவில்லை; அடிபட்டிருந்தது தண்டுவடம்.

இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் பரிவு நரம்புகள் மார்புத் தண்டுவடத்திலிருந்தும் இடுப்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. கழுத்திலோ, மார்புப் பகுதியின் 6-ஆம் நிலையிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பலமாக அடிபட்டால், மூளையின் கட்டளை அவற்றை எட்டாமல் குழாய்கள் தளர்ந்து விரிய, அழுத்தம் சரிகிறது. இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்போ மூளைத்தண்டிலிருந்தே வருவதால் காயத்துக்குத் தப்பி, தடுப்பாரின்றித் தன் வேலையைச் செய்கிறது. மூச்சுக்குழாயில் சளியை உறிஞ்சும்போதுகூட அந்த நரம்பு தூண்டப்பட்டு இதயம் நின்றுவிடக்கூடும்.

ஆனாலும் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யும்வரை, குறைந்த அழுத்தத்துக்குத் தண்டுவடத்தை மட்டும் காரணமாக்கக் கூடாது. மண்ணீரல் கிழிந்திருந்தாலும் உணர்ச்சியற்ற வயிறு அதைச் சொல்லாது; அதனால்தான் அன்று முதலில் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம். கசிவு இல்லை. சலைனை மேலும் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால், இரத்தக் குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்கி அழுத்தத்தைத் தாங்கிப்பிடித்தார்கள்.

மாதங்கள் கழித்து இதற்கு நேரெதிரான ஆபத்தும் வரலாம். நிரம்பிய சிறுநீர்ப்பையோ மலச்சிக்கலோ தூண்ட, அழுத்தம் திடீரென ஏறும். வழக்கமாக மேல் அழுத்தம் 100 அளவில் இருப்பவருக்கு 140 என்பதே அபாயம். வெளியில் பார்ப்பவர்களுக்கு அது சாதாரணமாகத் தோன்றும் என்பதுதான் என் கவலை. ஆகவே வீடு திரும்பும் நாளில் அவர் மனைவியிடம் இருமுறை சொன்னேன்: “தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்றாலோ முகம் வியர்த்துச் சிவந்தாலோ, முதலில் நிமிர்த்தி உட்காரவையுங்கள் அக்கா, இறுக்கமான துணியைத் தளர்த்திவிட்டு, சிறுநீர் வடியப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வலி நிற்காவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.”