மெம்பர் ஆகணுமா வேணாமா?

எலக்ட்ரானிக் மியூசிக் படிக்கிற தம்பி ஒருத்தன் "எந்த சங்கத்துல சேரலாம்ணா"ன்னு கேட்டான், அதான் இந்த போஸ்ட்.

நான் மொதல்ல சேர்ந்தது ஏஇஎஸ், அதாவது ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி, 1948லேர்ந்து இருக்கு, மைக் ஸ்பீக்கர் ஆளுங்க கூட்டம்தான் ஆனா அவங்க கன்வென்ஷன்ல ஸ்டூடண்ட்ஸுக்கு ரெக்கார்டிங் போட்டி இருக்கு பாருங்க, நம்ம மிக்ஸை ஒரு ரூம்ல எல்லார் முன்னாடியும் போட்டு, பழம் தின்னு கொட்டை போட்ட இன்ஜினியருங்க "அந்த வோக்கல் ரிவெர்ப் கொஞ்சம் ஓவர்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. வயித்த கலக்கும். ஆனா காலேஜ்ல ஒரு வருஷம் கத்துக்காதத அங்க பத்து நிமிஷத்துல கத்துக்கலாம்.

கம்போஸ் பண்றவங்கன்னா ஐசிஎம்ஏ, அதாவது இன்டர்நேஷனல் கம்ப்யூட்டர் மியூசிக் அசோசியேஷன், அவங்க நடத்துற கம்ப்யூட்டர் மியூசிக் கான்ஃபரன்ஸ் 1974ல மிச்சிகன்ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல படிக்கிறவங்களுக்கு சீமஸும் இருக்கு, எலக்ட்ரானிக் மியூசிக் கம்போஸ் பண்றவங்க சங்கம், 1984ல வந்தது.

விஷுவல் சைடுன்னா சிக்ராஃப் தான், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆளுங்க சங்கம். அவங்க கான்ஃபரன்ஸுக்கு போக காசு இல்லையா, ஸ்டூடண்ட் வாலண்டியரா அப்ளை பண்ணுங்க, கதவுகிட்ட நின்னு பேட்ஜ் செக் பண்ற வேலைதான், கால் வலிக்கும், ஆனா பதிலுக்கு கான்ஃபரன்ஸ் ஃப்ரீ.

சென்சார ஒட்டி சொந்தமா வாத்தியம் செய்யுற பைத்தியமா (நானும் அதே கேஸ்தான்)? நைம் பக்கம் போங்க, புதுசு புதுசா வாத்தியம் செய்யுறவங்க கூடுற கான்ஃபரன்ஸ், 2001ல சியாட்டில்ல சின்ன வொர்க்‌ஷாப்பா தொடங்கினது. அதோட ஆராய்ச்சி பேப்பர் எல்லாம் ஆன்லைன்ல இலவசம், மெம்பர்ஷிப்புக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி அதுல ஒரு நாலு படிச்சிட்டு வாடான்னுதான் தம்பிகிட்ட சொல்லிருக்கேன்.