விட்டுப்போன நடு உறுப்பு

மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்த புதிதில், நுண்கணிதம்தான் பிள்ளைகளை மிரட்டும் என்று நினைத்தேன். எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அவர்கள் தடுக்கி விழுந்ததோ, எப்போதோ படித்து முடித்துவிட்டதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த இடத்தில்.

எக்ஸ் ஸ்கொயரை முதற்கொள்கையிலிருந்து வகையிடச் சொல்லியிருந்தேன். அதாவது, எக்ஸோடு ஹெச் என்ற சிறு அளவைக் கூட்டிப் பார்த்து, வளைவரை எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு மாணவன் எக்ஸ் பிளஸ் ஹெச்சின் வர்க்கத்தை, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஹெச் ஸ்கொயர் என்று எழுதியிருந்தான். எக்ஸ் ஸ்கொயரைக் கழித்தான், ஹெச்சால் வகுத்தான், மிச்சம் ஹெச். அது பூச்சியத்தை நெருங்கும்போது விடை 0. எல்லையைக் கையாண்டதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் விடை 0 என்றால் அந்த வளைவரை எங்குமே ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. முந்தின பக்கத்தில் அவனே கிண்ணம் போல அழகாக வரைந்து வைத்திருக்கிறான்!

சிவப்பு மையில் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

மறுநாள் அவனை எழுப்பி, "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் சொல்லு" என்றேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான், நடுவில் வரும் டூ ஏபி உட்பட. ஏ, பி என்றால் தெரிகிறது. எக்ஸ், ஹெச் வந்தால் அது வேறு ஊர்க் கணக்கு. இன்னொரு முறை ஒப்பிக்கச் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

பலகையில் ஒரு சதுரம் போட்டேன். பக்கம் எக்ஸ். அதை இரண்டு பக்கமும் ஹெச் அளவு நீட்டினேன். பழைய சதுரம், மூலையில் குட்டிச் சதுரம், இடையில் இரண்டு பட்டைகள். "நீ எதைத் தொலைத்தாய்?" எழுந்து வந்து பட்டைகள் இரண்டையும் சாக்பீஸால் நிரப்பினான்.

படம் பலகையில் இருக்கும்போதே கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியையும் கூப்பிட்டுக்கொண்டேன். 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் குறியீடே இல்லாமல், எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதியவர். ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அதன் 10 மடங்கைக் கூட்டினால் 39, எண் எது? சதுரத்தின் இரு பக்கமும் 5 அகலத்தில் பட்டை ஒட்டுகிறார். மொத்தப் பரப்பு 39. இங்கே பட்டைகள் இருக்கின்றன, மூலைதான் இல்லை. அங்கே 25 வைத்தால் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, எண் 3. இருபடிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருந்தவர்களில் பலர் அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் பார்த்தார்கள். "மைனஸ் 13ம் பொருந்துமே, அது எங்கே போச்சு சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்தின் நீளம் குறை எண்ணாக இருக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது.

பாடத்திட்டம் பின்தங்கத்தான் செய்தது. அதற்குப் பேச்சும் வாங்கினேன். எல்லாவற்றையும் படம் போட்டே நடத்தலாம் என்று சொல்ல வரவில்லை. முக்கோணவியல் முற்றொருமைகளுக்குக் கை பழகியே ஆகவேண்டும். ஆனால் பழக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருப்பதைக் கவனிக்காமல், சைன் 30 என்பது மைனஸ் 0.988 என்று ஒரு பெஞ்சே எழுதிக் கொடுத்தது. குறுங்கோணத்துக்கு சைன் மைனஸில் வருமா என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே மாணவன், "எக்ஸ் கியூபுக்கும் இப்படி வருமா சார்?" என்று வந்தான். கனசதுரம் வரைந்தோம். மூன்று முகங்களில் மூன்று பலகைகள், மூன்று குச்சிகள், மூலையில் ஒரு குட்டிக் கட்டி. ஹெச்சால் வகுத்து, ஹெச்சைப் பூச்சியத்துக்கு அனுப்பியதும் பலகைகள் மட்டும் தங்கின. "அப்போ த்ரீ எக்ஸ் ஸ்கொயர்ல இருக்கிற மூணு இதுதானா?" விரல் விட்டு எண்ணிக்கொண்டான். உடனே அடுத்தது: "நாலாம் படிக்கு?"

அதற்கு என்னிடம் படம் இல்லை. விரித்து எழுதச் சொன்னேன். எழுதினான், ஓர் உறுப்பையும் விடாமல்.