பள்ளி திறக்கும் முன்

18.05.2025, ஞாயிறு
ஜூன் 2 பள்ளி திறக்கிறார்கள். சின்னவன் நான்காம் வகுப்பு. போன வருடம் முதல் மாதத்திலேயே மூன்று தண்ணீர் பாட்டிலைத் தொலைத்தான், "பையனுக்கு அலட்சியம்" என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது. ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு என்று மதுரையில் டாக்டர் சொன்னது டிசம்பரில்தான். அதுவரை நானும் அலட்சியம் என்றுதான் திட்டினேன், இரண்டு தடவை கரண்டிக் காம்பால் அடித்தும் இருக்கிறேன்.

லீவில் தூங்கப் பதினொன்று ஆகிறது. ஒரேயடியாக ஒன்பதுக்குப் படு என்றால் நடக்காது, ஒருநாள் விட்டு ஒருநாள் கால்மணி கால்மணியாக முன்னால் தள்ளப்போகிறேன்.

21.05.2025, புதன்
அப்பத்தா காலையிலேயே வேப்பங்கொழுந்து அரைத்துவிட்டார்கள். "வயித்துல பூச்சி இருந்தா புள்ள ஒரு எடத்துல ஒக்காராதுத்தா. இனிப்பையும் கொறை." இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, "இவுக அப்பனும் இப்படித்தான், ஒரு வருசத்துல நாலு சிலேட்டு" என்றார்கள். இது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியதுதான். நேற்றும் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு பேப்பர் படித்தார்.

24.05.2025, சனி
பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், வாசல் ஓரமாகத் தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் நாலை அவன் சாமானுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தேன். பை ஒரு பூவின் மேல், பாட்டில் ஒன்றின் மேல், சாப்பாட்டுப் பை, ஷூ. எதற்கு எந்தப் பூ என்று அவனே பிரித்துக்கொண்டான். எந்தப் பூ கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தச் சாமான் இன்னும் வரவில்லை. நான் "எடுத்தியா, எடுத்தியா" என்று கத்தினால் அது அவன் காதோடு போய்விடுகிறது, தலைக்குள் தங்குவதில்லை. தரையில் இருந்தால் கண் பிடித்துக்கொள்கிறது.

எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டைதான் போடணுமாம். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் இவன் கணக்கு நோட்டை எப்படிக் கண்டுபிடிப்பான்? நோட்டின் முதுகில் மட்டும் கலர் டேப் ஒட்டினோம். கணக்குக்கு நீலம்.

28.05.2025, புதன்
"பத்து நிமிஷத்தில் கிளம்பு" என்பது இவனுக்கு வெறும் சத்தம். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்றே தெரியாது. அதனால் இட்லி. ஒரு ஈடு வேக ஏறக்குறைய அவ்வளவு நேரம். ஈடு வைத்ததும் பல் தேய்த்துக் குளிக்கப் போகணும், இறக்குவதற்குள் சட்டையோடு வரணும். முதல் நாள் பாத்ரூமில் எறும்பு பார்த்துக்கொண்டு நின்றான், மூன்று ஈடு ஆனது. இன்று ஒன்றரை.

ஏடிஹெச்டி மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும். அதைப் போட்டால் மதியம் பசியே எடுக்காது, டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வரும்.

30.05.2025, வெள்ளி
புது டீச்சரைப் பார்க்கப் போனேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும், அதனால் மூன்றே மூன்றுதான் கேட்டேன்: முன் பெஞ்சு, ஜன்னல் பக்கம் வேண்டாம், நடுவில் ஒருதரம் சாக்பீஸ் எடுத்து வர அனுப்புங்கள். "அனுப்புனா திரும்பி வருவானா?" என்றார்கள். சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.

02.06.2025, திங்கள்
பாட்டில் வந்தது. ஒரு சாக்ஸ் வரவில்லை. அது எப்படி ஒற்றைச் சாக்ஸ் மட்டும் தொலையும் என்று அப்பத்தா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

05.06.2025, வியாழன்
இன்று ஒரே ஈடு! குளித்து, சட்டை போட்டு, திருநீறு பூசி வந்து நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் மூடியைத் திறந்தால் இட்லி பாதிகூட வேகவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான்.